பொட்டலை வரைந்த முட்டை

அந்தக் காலத்தில், பறவைகள் எல்லாம் நம்மைப் போல வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த காலத்தில், எந்தப் பறவை இட்டாலும் முட்டை வெள்ளையாகத்தான் இருக்கும். காக்கை முட்டையும் வெள்ளை, கௌதாரி முட்டையும் வெள்ளை. ஒளித்து வைக்கும் பழக்கமும் கிடையாது. வரப்போரம், மரத்தடி, பாறைமேல் என்று எங்கே வசதியோ அங்கே இட்டுவிட்டு இரை தேடப் போய்விடுவார்கள். யாரும் எடுக்க மாட்டார்கள். எடுத்து என்ன செய்வது? உள்ளே குஞ்சு இருக்கிறது என்பதற்கு மேல் முட்டையைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. அதைத் தின்னலாம் என்ற எண்ணம் உலகத்தில் ஒரு மண்டைக்குள்ளும் இன்னும் நுழைந்திருக்கவில்லை. இதை மறந்துவிடாதீர்கள். பின்னால் நடந்த அநியாயமெல்லாம் இதில்தான் இருக்கிறது.

வெள்ளை முட்டையால் ஒரு தொல்லை இருந்தது. இரை தேடிவிட்டுத் திரும்பி வந்தால் தன்னுடையது எது என்று தெரியாது. தவிட்டுக்குருவி அலுங்காமல் அடைகாத்து எழுந்தால் கௌதாரிக் குஞ்சு வெளியே வந்து நிற்கும். கொக்கு வளர்த்த பிள்ளை பறக்கும் வயதில் ‘கா’ என்று கத்தும். தினமும் கண்மாய்க்கரையில் இதே பஞ்சாயத்து. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் பறவைகள் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். இனிமேல் அவரவர் முட்டையில் அவரவர் ஓர் அடையாளம் வரைந்துவிட வேண்டும்.

என்ன வரைவது? அவரவர் உருவத்தை வரையலாம் என்றது மயில். அதற்கென்ன, அது சொல்லும். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மனசுக்குப் பிடித்த இடத்தை வரைவது என்று பேசி முடித்தார்கள். பிறக்கப்போகிற பிள்ளைக்கு ‘இதுதான் நம்ம இடம்’ என்று தாய் முதலிலேயே சொல்லிவிட்ட மாதிரி இருக்கும் அல்லவா?

கண்மாய் வற்றத் தொடங்கும் மாசி மாதத்தில் வேலை ஆரம்பித்தது. நீலத்துக்கு அவுரி இலை, சிவப்புக்குக் காவிக்கல், மஞ்சளுக்கு ஆவாரம்பூ, கறுப்புக்குக் கரிசல் சேறு. கோரைப்புல்லின் நுனியை அலகால் கடித்து நைத்தால் தூரிகை. எல்லோரும் வரைந்து முடித்ததும் கூட்டமாக ஒவ்வொரு முட்டையாகப் போய்ப் பார்ப்பது என்றும், அந்த நாளுக்கு ‘ஓடு பார்க்கிற நாள்’ என்றும் பேசிக்கொண்டார்கள்.

தவிட்டுக்குருவி அக்கா தங்கைகள் ஏழு பேரும் ஒரு கருவேலம் புதருக்குள் குடியிருந்தார்கள். முள்ளுக்கு நடுவே தலையைத் தூக்கினால் உள்ளங்கை அளவு வானம் தெரியும். அந்தத் துண்டு வானத்தைத்தான் அவர்கள் வரைந்தார்கள். முட்டை முழுக்க ஒரே நீலம். அந்த நாள் வரும்வரை பொறுக்காமல் எட்டிப் பார்த்தவர்கள் அதிசயப்பட்டார்கள். அண்டங்காக்கை அங்காயி, கண்மாய்த் தண்ணீரையும் அதில் ஊறிக் கிடக்கும் புளிய இலைச் சருகுகளையும் வரைந்தாள். அவளுக்குக் கை அவ்வளவு வராது. பாசி நிறத்தில் பழுப்புப் பழுப்பாகத் திட்டுகள். சேறு தெறித்த மாதிரி இருக்கிறது என்று சிரித்தார்கள். குயிலுக்குத் தனக்கென்று ஓர் இடம் கிடையாது. அது அங்காயி முட்டையை எட்டிப் பார்த்து அப்படியே வரைந்துகொண்டது. “எனக்கு எல்லா ஊரும் ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டுப் புறா வெறுமனே விட்டுவிட்டது. ஆந்தை தூங்கிப்போனது.

இந்த ஊர்க்கூட்டத்தில் ஆவுடை என்று ஒருத்தி இருந்தாள். நெட்டைக் கால், சாம்பலும் பழுப்புமாக முதுகு, கறுத்த நெஞ்சு. கால்கள் அப்போது சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும். அவள் இனத்துக்கு அன்றைக்கு இப்போதுள்ள பெயர் இல்லை. கண்மாய்க்கரைக் குருவி என்றுதான் சொல்வார்கள். அதிர்ந்து பேச மாட்டாள். பக்கத்தில் போய் நின்றால்தான் அவள் சொல்வது காதில் விழும். இன்றைக்கு இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

அவளும் அவள் புருஷன் சங்கிலியும் இருந்தது கண்மாய்க்குத் தெற்கே ஒரு சரளைப் பொட்டலில். மரம் இல்லை, புதர் இல்லை. உடைந்த கல்லும் வெடித்த மண்ணும், அங்கங்கே காய்ந்த அருகம்புல்லும், ஆடுகள் போட்டுவிட்டுப்போன புழுக்கையும்தான். யாரும் வந்து கேட்காத இடம். ஆவுடைக்கு அது உயிர். அவள் முட்டையிலிருந்து வெளியே வந்து முதல் எட்டு வைத்தது அந்தச் சரளையில்தான். எந்தக் கல் காலையில் முதலில் சூடாகும், எந்த வெடிப்புக்குள் ராத்திரிக் குளிர் மத்தியானம் வரைக்கும் நிற்கும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

சங்கிலிக்கு அந்த இடத்தின் மேல் அப்படி ஒன்றும் பிரியம் இல்லை.

“ஏளா, ஆத்தங்கரைக்குப் போயிருவோமா?” என்று வருஷா வருஷம் கேட்பான். “அங்க நிழலு இருக்கு. வரையணும்னாலும் பார்க்க லெச்சணமா நாலு நாணல் இருக்கு. இந்தப் பொட்டல்ல எதைப் போயி வரைவே?”

“பொட்டலைத்தான் வரைவேன்” என்றாள் ஆவுடை.

செய்தி கருவேலம் புதருக்குப் போய்ச் சேர்ந்தது. ஏழு பேரும் வந்துவிட்டார்கள். ஒருத்தி பேசினால் மற்ற ஆறு பேரும் கூடவே பேசுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

“மதினி, புழுதிய வரையப் போறீகளாமே!”

“வெயிலையும் சேர்த்து வரைஞ்சிருங்க மதினி. அது உங்க ஊர்ல நெறையக் கெடக்கு.”

“ஆட்டுப் புழுக்கை? அதையும் விட்டுராதீக!”

“அதை விடுவனா?” என்றாள் ஆவுடை. “அது இல்லாம எங்க எடம் எப்படி எங்க எடமாகும்?”

ஏழு பேரும் சிரித்துக்கொண்டே பறந்துபோனார்கள். ஆவுடைக்கு உள்ளுக்குள் சுருக்கென்று தைத்தது. மெதுவாகப் பேசுகிறவளுக்குத்தான் ரோஷம் அதிகம். இவர்கள் எல்லோரும் வந்து நின்று, ‘அடேயப்பா, இது உங்க பொட்டலேதான்’ என்று சொல்லும்படி வரையாவிட்டால் நான் ஆவுடை இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அந்த வருஷம் அவளுக்கு நாலு முட்டைகள். அவுரியையும் ஆவாரம்பூவையும் அவள் தொடவே இல்லை. பொட்டலின் மண்ணையே எடுத்துத் தண்ணீரில் குழைத்தாள். கல்லைக் கல்லோடு உரசி வந்த பொடியைச் சேர்த்தாள். முதலில் மண்நிறத்தை முட்டை முழுக்கப் பூசி, அதன்மேல் ஒவ்வொரு கல்லாக வைத்தாள். கல்லின் நிழலை வைத்தாள். வெடிப்பு ஓடிய விதத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அதே மாதிரி ஓட விட்டாள். காய்ந்த புல்லின் துணுக்கு, ஆட்டுப் புழுக்கை, அதன்மேல் படிந்த தூசி எதையும் விடவில்லை. ஒரு புள்ளி பிசகினால் அலகால் சுரண்டிவிட்டுத் திரும்ப வைத்தாள். வண்ணம் ஈரமாக இருந்ததால் முட்டைகள் பளபளவென்று மின்னின. சங்கிலி குனிந்து பார்த்தான்.

“ஏளா,” என்றான். பிறகு முட்டையையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தான். “இந்த எடம் இவ்வளவு அழகாவா இருக்கு?”

ஆவுடைக்கு அந்த ஒரு வார்த்தை போதும் போலிருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தவிட்டுக்குருவிகள் சிரித்த சிரிப்பு அவள் காதைவிட்டுப் போகவில்லையே.

ஓடு பார்க்கிற நாள் வந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முட்டைகளுக்குச் சூடு தாங்காது என்று, கண்மாயில் எஞ்சிக் கிடந்த தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வரவும், அப்படியே கூட்டத்தை அழைத்து வரவும் ஆவுடை புறப்பட்டாள்.

“ஆட்டு மந்தை வந்தாலும் வரும். பக்கத்துலயே நில்லுங்க. அங்கிட்டு இங்கிட்டு நகராதீங்க” என்று சங்கிலியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

சங்கிலி நகரவில்லை. நாலெட்டுத் தள்ளி நின்றுகொண்டு, மந்தை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ என்று தூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் வெயிலில் வண்ணம் காய்ந்துகொண்டிருந்தது. பளபளப்பு அடங்கி, மண் மண்ணோடு மண்ணாக மங்கிக்கொண்டிருந்தது. இதை அவனும் கவனிக்கவில்லை, வேறு யாரும் கவனிக்கவில்லை.

ஆவுடை கூட்டத்தோடு வந்து இறங்கினாள். தவிட்டுக்குருவிகள், கொக்கு, கௌதாரி, புறா, அங்காயி எல்லோரும் பொட்டலின் ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். ஆவுடை பெருமையோடு முன்னே நடந்தாள்.

முட்டைகள் இல்லை.

அவளுக்குப் புரியவில்லை. வேறு இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று சுற்றிப் பார்த்தாள். அதே கல், அதே வெடிப்பு. ஆனால் நாலு முட்டைகள் இருந்த இடத்தில் வெறும் தரை.

“எங்க?” என்றாள்.

“எது எங்க?” என்று திரும்பினான் சங்கிலி. அவனும் பார்த்தான். அவன் அலகு திறந்தது திறந்தபடி நின்றது.

“உங்கள நம்பித்தான விட்டுட்டுப் போனேன்! எங்க என் முட்டைக?”

“நான் நகரலளா! சத்தியமா ஒரு எட்டு நகரல. ஒரு ஆடு வரல, ஒரு ஓணான் வரல!”

“அப்ப றெக்கை மொளைச்சுப் பறந்துபோச்சா?”

முட்டை காணாமல் போவது என்று ஒன்றை அதற்கு முன்னால் யாரும் கேள்விப்பட்டதே கிடையாது. மாறிப்போகும், கலந்துபோகும். இல்லாமலே போகுமா? தவிட்டுக்குருவிகள் ஏழு பேருக்கும் ஒரே நேரத்தில் பேச்சு நின்றது. பிறந்ததிலிருந்து அவர்களுக்கு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

ஆவுடையின் பார்வை வரிசையில் ஒவ்வொரு முகமாகப் போய், அங்காயி மேல் நின்றது. சேறு தெறித்த மாதிரி இருக்கிறது என்று ஊரெல்லாம் சிரித்தது யாரை? அவளைத்தானே?

“நீதான்” என்றாள். “உன் முட்டையப் பார்த்துச் சிரிச்சாகன்னு வயித்தெரிச்சல். என் முட்டைகளைக் கொண்டுபோயி எங்கயோ போட்டுட்டே.”

அங்காயி ஆடிப்போனாள். “நானா? நான் உங்களோடதான தாயி வந்தேன்? அந்த முட்டைய வச்சு நான் என்ன செய்யப்போறேன்? அது எனக்கு எதுக்கு ஆகும்?”

“அது உனக்குத்தான் தெரியும்!”

அங்காயியின் கண்கள் கலங்கிவிட்டன. உண்மையிலேயே அவளுக்கு ஒன்றும் தெரியாது. முட்டை எதற்கு ஆகும் என்பது அந்த நிமிஷம் வரைக்கும் அவளுக்குத் தெரியாது. “வாங்க, தேடுவோம்” என்றாள். “கெடைக்கலேன்னா என் தலையில பழி நிக்கும். கெடைக்கிற வரைக்கும் நான் போமாட்டேன்.”

அப்போது ஆவுடை ஒரு காரியம் செய்தாள். அதுவரைக்கும் வேறு பறவை எதுவும் இரை தேடக்கூட இறங்காத தன் பொட்டலுக்குள் அவளே எல்லோரையும் கூப்பிட்டாள்.

“இறங்குங்க! எல்லாரும் இறங்குங்க! ஒரு கல்லு விடாமத் தேடுங்க!”

இறங்கினார்கள். கொக்கு நீளக் காலை எடுத்து வைத்துத் தேடியது. கௌதாரி குடுகுடுவென்று ஓடித் தேடியது. தவிட்டுக்குருவிகள் சருகைப் புரட்டுவது போல மண்ணைப் புரட்டினார்கள். அங்காயி ஒவ்வொரு கல்லையும் அலகால் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆவுடை கண் தெரியாதவள் போல அங்கும் இங்கும் ஓடினாள். ஓடின இடத்திலேயே திரும்ப ஓடினாள்.

அவள் காலுக்கடியில் ‘சளக்’ என்று ஏதோ நொறுங்கியது.

கல் என்றால் நொறுங்காது. ஆவுடை குனிந்து பார்த்தாள். ஒரு கல் பிளந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து மஞ்சளாக, கொழகொழவென்று, வெதுவெதுப்பாக வழிந்து அவள் விரல்களுக்கு நடுவே ஓடியது. பிளந்த கல்லின் உள்பக்கம் வெள்ளையாக இருந்தது.

அவள் கத்தவில்லை. அந்தக் கல்லின்மேல் அவள் வைத்த புழுக்கை இருந்தது. புழுக்கைமேல் அவள் வைத்த தூசி இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது. இவ்வளவு சரியாக ஏன் வரைந்தேன் என்ற ஒரே நினைப்பு மண்டைக்குள் நின்று அறைந்தது. முட்டைகள் எங்கேயும் போகவில்லை. யாரும் எடுக்கவில்லை. அவை அங்கேயேதான் இருந்தன. பெற்றவள் கண்ணுக்கே தெரியாமல் இருந்தன.

“யாரும் கால வைக்காதீங்க!” என்று அலறியது சங்கிலிதான்.

பொட்டல் முழுக்க எல்லோரும் அப்படி அப்படியே உறைந்துபோனார்கள். தூக்கிய காலைக் கீழே வைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. கொக்கு ஒரு காலை மடித்துக்கொண்டு நின்றதே, அந்த அதிர்ச்சி அதற்கு இன்னும் தெளியவில்லை. தண்ணீர் ஓரமாகப் போனால் பாருங்கள், இன்றைக்கும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும்.

ஆவுடை தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளுத்த கால் முழங்கால் வரைக்கும் மஞ்சளாகியிருந்தது.

“என் காலு,” என்றாள். “என் காலுதான்.”

சங்கிலி பார்த்துப் பார்த்து அடி வைத்து அவளிடம் வந்தான். பக்கத்தில் நின்றான். தன் இரண்டு கால்களையும் எடுத்து அந்த மஞ்சளுக்குள்ளேயே வைத்தான்.

“உன் காலு மட்டும் இல்லளா” என்றான். “பக்கத்துலயே நின்னுக்கிட்டுத் தெரியாம இருந்தவன் நானு. ரெண்டு பேரு காலும்தான்.”

அப்போதுதான் ஆவுடைக்கு அழுகை வந்தது. கண்ணோரமெல்லாம் சிவந்து தடித்துப்போகும் வரைக்கும் இருவரும் அழுதார்கள்.

தவிட்டுக்குருவிகளில் மூத்தவள் மெதுவாகச் சொன்னாள். அவள் குரலில் கிண்டல் துளிகூட இல்லை. “மதினி, மிச்சம் மூணு இருக்கு. அதையாவது தேடி எடுத்துக் கழுவிருங்க. படம் போனாப் போகுது. பழையபடி வெள்ளையா இருந்தா கண்ணுக்காவது தெரியும்.”

சரி என்றுதான் ஆவுடைக்கும் பட்டது. ஆனால் எப்படித் தேடுவது? இனி ஓர் எட்டு எடுத்து வைக்கவும் கால் வராதே. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பொட்டல் அவள் கண்ணுக்குள் வந்தது. குஞ்சாக ஓடித் திரிந்த நாளிலிருந்து பார்த்த தரை. இந்த வெடிப்புக்குப் பக்கத்தில் சாய்ந்தாற்போல ஒரு கல் உண்டு. அதற்கு இந்தப்புறம் புல். புல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒன்றும் கிடையாது. கண்ணைத் திறந்து பார்த்தாள். நடுவே ஏதோ இருந்தது. நேற்று வரைக்கும் அங்கே இல்லாத கல்.

“அது என் கல்லு இல்ல” என்றாள். குனிந்து அலகால் தொட்டாள். வெதுவெதுவென்று இருந்தது. அதை ஒட்டியே அவளுக்குத் தெரியாத கல் இன்னும் இரண்டு இருந்தன. ஊருக்கெல்லாம் சரளையாகத் தெரிந்த அந்தத் தரையில், எது கூடுதல் என்று அவளால் சொல்ல முடிந்தது.

மூன்றும் பிழைத்திருந்தன. ஆவுடை அவற்றின்மேல் உட்கார்ந்து, நனைந்த வயிற்று இறகால் ஒரு முட்டையைத் துடைக்க ஆரம்பித்தாள். அவள் வைத்த கல்லும் நிழலும் கரைந்து ஓடின. ஓரிடத்தில் வெள்ளை எட்டிப் பார்த்தது. வெயிலில் அந்த வெள்ளை பளீரென்று அடித்தது.

இந்தப் பக்கம் அங்காயி, உடைந்த முட்டையின் அருகே போய்க் குனிந்தாள். குஞ்சுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்கத்தான் குனிந்தாள். பழி சுமந்தவளுக்கு அந்தப் பதற்றம் இருக்காதா? அலகால் மெல்ல விலக்கிப் பார்த்தாள். உயிர் இல்லை. அலகில் மஞ்சள் ஒட்டியிருந்தது. அதை நாக்கால் வழித்துக்கொண்டாள்.

அப்படியே நின்றாள்.

“இது... நல்லாருக்கே” என்றாள்.

அவள் குரல் அவளுக்கே அதிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். சட்டென்று அலகை மூடிக்கொண்டாள். ஆனால் சொன்ன சொல்லை எங்கே போய் அள்ளுவது? எல்லோரும் கேட்டுவிட்டார்கள். ஒரு நொடி யாருக்கும் விளங்கவில்லை. புறாவுக்கு முதலில் விளங்கியது. பாறைமேல் வெட்டவெளியில் தன் வெள்ளை முட்டைகளை அது விட்டுவிட்டு வந்திருந்தது. பாறையை நோக்கிப் பறந்தது. அதன் பின்னால் கௌதாரி பறந்தது. தவிட்டுக்குருவிகள் ஏழு பேரும் புதரை நோக்கி விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். முட்டையை ஒளித்து வைக்க வேண்டும் என்று உலகத்தில் எல்லாத் தாய்மாருக்கும் தோன்றியது அந்த நிமிஷத்தில்தான்.

ஆவுடை மூன்றையும் கண்டு உட்கார்ந்ததைக்கூடக் கவனிக்காமல், அங்காயி உடைந்த முட்டையை நக்கி முடித்தாள். வேண்டாம் வேண்டாம் என்றுதான் நினைத்திருப்பாள். ஆனாலும் முடித்தாள். தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பொட்டலைப் பார்த்தாள். காக்கைகளுக்கு அந்தச் சாய்ந்த பார்வை அன்றைக்கு வந்ததுதான்.

“மிச்சம் மூணு எங்க தாயி?” என்று கேட்டாள்.

இவளை இங்கே கூப்பிட்டது யார்? வா, இறங்கு, ஒரு கல்லு விடாமத் தேடு என்று சொன்னது யார்? வயிற்றுக்கடியில் அந்த வெள்ளைப் புள்ளி சுடுவது போலிருந்தது. எழுந்தால் தெரிந்துவிடும். எழாமல் எத்தனை நேரம் உட்கார முடியும்?

அவள் கழுவவில்லை. கழுவுவதை அந்த நொடியே நிறுத்திவிட்டாள். அங்காயி பொட்டலின் அந்தக் கோடியிலிருந்து தேடத் தொடங்கியதும், தன் காலில் ஈரமாக இருந்த மஞ்சளை அலகால் வழித்தாள். அதைப் பொட்டல் மண்ணில் குழைத்தாள். செத்த பிள்ளையின் கருவைத் தொட்டு, இருக்கிற பிள்ளையின் ஓட்டில் வைத்தாள். அழுதுகொண்டேதான் வைத்தாள், ஆனால் கை பிசகவில்லை. ஒரு கல், அதன் நிழல், ஒரு வெடிப்பு. வெள்ளை மறைந்தது. மற்ற இரண்டு முட்டைகளின்மேலும் அதே குழம்பை ஒரு பூச்சுப் பூசினாள். அடித்த வெயிலில் அது பூசப் பூசக் காய்ந்து மங்கியது. பிறகு சங்கிலியைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதவள் போல எழுந்து தள்ளிப்போய் நின்றாள்.

அங்காயி நடந்து வந்தாள். கல்லைக் கல்லாகப் பார்த்தாள். மூன்று முட்டைகளுக்கும் நேர் முன்னால் வந்து நின்றாள். அங்காயி குனிந்தாள், நிமிர்ந்தாள். அவள் கண் அந்த மூன்றையும் தாண்டிப் போனது.

“இங்க ஒண்ணையும் காணும், வெறும் பொட்டலு” என்று சொல்லிவிட்டுப் பாறைப் பக்கமாகப் பறந்துபோனாள்.

ஊரில் யார் சொல்லக் கேட்டாலும் ஆவுடைக்குச் சுருக்கென்று தைத்திருக்கும் சொல் அது. அன்றைக்கு அவள் அந்த மண்ணிலேயே விழுந்து கும்பிட்டாள்.

கருவில் குழைத்த வண்ணம் அதற்குப் பிறகு எந்த மழைக்கும் கரையவில்லை. பிறந்த குஞ்சுகளின் முட்டைக்கும் வந்தது, அவற்றின் குஞ்சுகளின் முட்டைக்கும் வந்தது. ஆவுடையும் சங்கிலியும் எத்தனை தடவை தேய்த்துக் கழுவியும் காலில் ஏறிய மஞ்சள் போகவில்லை. அழுத கண்ணோரத்தில் சிவப்பும் அப்படியே தங்கிவிட்டது.

படம் பிள்ளைகளைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் அது காக்கையின் கண்ணிலிருந்துதான் காப்பாற்றும். காலிலிருந்து காப்பாற்றுமா? ஆட்டுக்குத் தெரியுமா, மாட்டுக்குத் தெரியுமா, குறுக்கு வழியில் நடந்து போகிற மனிதனுக்குத் தெரியுமா? அந்தச் ‘சளக்’ என்ற சத்தம் ஆவுடையின் காதைவிட்டு ஒரு நாளும் போகவில்லை. தூரத்தில் ஒரு கால் அசைவது தெரிந்தாலே, அதிர்ந்து பேசத் தெரியாத அந்த ஆவுடை வானத்துக்கு எழும்பி, தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கதறினாள். கூடவே சங்கிலியும் கதறினான். கால வைக்காதீங்க, பார்த்து வைங்க, பார்த்து வைங்க. பறவைகளின் பேச்சு நமக்கு விளங்காமல் போன பிறகு அது வெறும் கூச்சலாகத்தான் காதில் விழுந்தது. ஆள் வருவதை ஊருக்குக் காட்டிக்கொடுக்கிறது என்று நினைத்து மனிதர்கள் அதற்கு ஆட்காட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். தாய் ஒருத்தி கெஞ்சுவதைக் கோள்சொல்வதாக எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான் நம் அறிவு.

அன்று முதல்தான் ஆட்காட்டி இடும் முட்டை அது கிடக்கிற மண்ணைப் போலவே இருக்கிறது. அன்று முதல்தான், வெறும் பொட்டல் என்று நினைத்து நாம் ஒரு காலை எடுத்து வைக்கும்போதெல்லாம், மஞ்சள் கால் தொங்க அது தலைக்கு மேலே வந்து தொண்டை கிழியக் கதறுகிறது.